முனிராஜ் சார் கோயம்புத்தூர் போயிருந்தார்

கடத்தூரிலிருந்து பொம்மிடி போகிற ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் இடது பக்கம் செங்குன்று புட்ஸ் என்று ஒரு பலகை தெரியும். சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் அங்கே மூட்டையாக உள்ளே போய்ப் பாக்கெட்டாக வெளியே வரும். அறுபத்திரண்டு பேருக்கு வேலை. முதலாளி முனிராஜுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, சிகரெட் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெங்களூரில் முதலாளிகளுக்கென்றே நடத்துகிற மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வருகிற பழக்கம் மட்டும் உண்டு. போனவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு புது கல்ச்சரோடு வந்து இறங்குவார்.

அந்தக் கல்ச்சரை ஆலைக்குள் கொண்டு சேர்ப்பது யுவராணியின் பொறுப்பு. அவளுடைய வேலை உத்தரவில் மனிதவள மேலாளர் என்று போட்டிருந்தது. லீவு எழுதுவது, பி.எஃப். பார்ப்பது, ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவது, யாராவது கையை நசுக்கிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆலையில் அவளை ஹெச்சார் மேடம் என்பார்கள்.

கல்ச்சர் அவளுக்குப் புதிதல்ல. தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. படித்தபோது அவள் செய்த புராஜெக்ட்டின் தலைப்பே நிறுவனப் பண்பாடுதான். அறுபது பக்கத்தில் நாற்பத்தைந்து பக்கம் சீனியர் அக்கா ஒருத்தியுடையது. அந்த அக்கா அதை அவளுக்கு முந்தைய அண்ணன் ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தாள். பண்பாடு என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது என்று அதன் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது. அந்த வரையில் அது நேர்மையான புராஜெக்ட்.

முனிராஜின் அப்பா மாதப்பன் மாவு மில் நடத்திய காலத்தில் கல்ச்சர் என்ற பேச்சே இல்லை. நேரத்துக்கு வா, அரைக்கிற இடத்தில் எச்சில் துப்பாதே என்று இரண்டே சட்டம். மில் நன்றாகத்தான் ஓடியது. மகன் அதை ஆலையாக்கி, இயந்திரங்கள் வாங்கிப் போட்டு, 2016-இல் முதல் பயிற்சிக்குப் போனார். கல்ச்சர் என்றால் முதலாளியின் நெஞ்சில் இருக்கும் கொள்கைகள், அவற்றைச் சுவரில் எழுத வேண்டும் என்று அந்த வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். முனிராஜ் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து நெஞ்சிலிருந்து ஐந்து கொள்கைகளை எடுத்தார். ஐந்தாவது, 'நாம் அனைவருக்கும் ஒரே குடும்ப உணர்வு'. கடத்தூரில் ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார். பன்னிரண்டு அடி ஃபிளெக்ஸ் வந்து மாட்டிய பிறகு பார்த்தால், 'நாம் அனைவருக்கும் ஒரே குடும்ப உணவு'.

மறுநாள் மத்தியானம் பேக்கிங் பெண்கள் யாரும் தூக்குப் போசியைத் திறக்கவில்லை. ஃபிளெக்ஸுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். செல்லிதான் முன்னால். செல்லி வத்தல்மலையில் பிறந்து கீழே கட்டிக்கொடுத்து வந்தவள். வருகிற தானியத்தைப் பார்த்து வாங்குவதும் பேக்கிங் பெண்களை மேய்ப்பதும் அவள்.

"எழுதிப் போட்டுட்டு இல்லைன்னு சொன்னா நல்லாருக்குமாங்க?" என்றாள்.

முனிராஜுக்கு ஃபிளெக்ஸை மாற்றி அடிப்பதைவிட சோறு போடுவது கௌரவமாகப் பட்டது. அன்றிலிருந்து ஆலையில் மத்தியானச் சாப்பாடு உண்டு.

2018-இல் கல்ச்சர் மாறியது. சுவரில் எழுதுவதெல்லாம் பழைய காலம், கல்ச்சரை அளக்க வேண்டும் என்றார்கள். நாற்பது கேள்வி, ஒன்று முதல் ஐந்து வரை மார்க். யுவராணி தமிழில் பெயர்த்து, அச்சடித்து, பேனாவும் வாங்கிக் கொடுத்தாள். தர்மன் என்று கல் பிரிக்கிற மிஷின் ஓட்டுகிறவன் எழுந்து, "இதுல எதும்மா பெரிசு?" என்று கேட்டான். "அஞ்சுதான்." அவ்வளவுதான், அறுபத்திரண்டு பேரும் நாற்பது கேள்விக்கும் ஐந்தே போட்டார்கள். 'என் மேலதிகாரி என்னை அவமதிக்கிறார்' என்ற கேள்விக்கும் ஐந்து. பெங்களூர்க்காரர்கள் கணக்குப் பார்த்து, இப்படி ஒரு கல்ச்சரை ஜப்பானில்கூடப் பார்த்ததில்லை என்று சான்றிதழ் அனுப்பினார்கள். முனிராஜ் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

அதற்கப்புறம் கொரோனா வந்து பயிற்சி நின்றது. அந்த நாலு வருஷமும் ஆலை கல்ச்சர் இல்லாமலே ஓடி, புதிதாக இரண்டு மிஷின் வாங்கியது.

2022-இல் பனிப்பாறை. கல்ச்சர் என்பது கடலில் மிதக்கிற பனிப்பாறை, தண்ணிக்கு மேலே தெரிவது கொஞ்சம், கீழே தெரியாததுதான் நிஜம் என்று பயிற்சிக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து படம் போட்டுக் காட்டினார்.

"தண்ணிக்கு அடியில இருக்கறத எப்பிடிப் பாக்கறதுன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"எங்கூர்க் கெணத்துல தண்ணியே இல்லீங்களே" என்றான் தர்மன். "அடி வரைக்கும் சும்மாவே தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சிக்காரர் மட்டும் அதை ஆழமான பதில் என்று குறித்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் யுவராணிக்குச் சிரிப்பாகவே இருந்துவிடவில்லை. அதே வருஷம் ஐப்பசி மழையில் ஒரு காரியம் நடந்தது. முனிராஜின் மனைவி கனிமொழிக்கு ராஜா என்று ஒரு தம்பி. தானிய வியாபாரம் என்று பேர். எங்கேயோ நனைந்துபோன சாமையை மலிவாகப் பிடித்து, அக்கா புருஷனுடைய ஆலையில் கொண்டுவந்து தள்ளுவான். மற்றவர் மூட்டையென்றால் ஈரம் பார்க்கிற மிஷினில் வைத்து, பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்ப வேண்டும். ராஜாவின் மூட்டையை யாரும் மிஷின் பக்கம் கொண்டுபோவதில்லை. முனிராஜ் வாசலிலேயே நின்று, "எறக்குங்க எறக்குங்க, வெயில்ல காயப்போட்டுக்கலாம்" என்று விடுவார். அந்த ஐப்பசியில் வெயிலும் வரவில்லை. பாக்கெட்டுக்குள் பூஞ்சை பூத்து, பெங்களூர்க் கடையிலிருந்து நாற்பது பெட்டி திரும்பி வந்தது. பழி பேக்கிங் மேல் விழுந்தது. பன்னிரண்டு பெண்களுக்கு மெமோ. கவனக்குறைவு என்று அதை டைப் அடித்தவள் யுவராணி.

செல்லி மெமோவைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, திருப்பி, "இதுல ராஜா பேரு எங்கிங்க இருக்குது?" என்று கேட்டாள். யுவராணி பேனாவை நீட்டினாள். செல்லி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு யுவராணிக்கு ஆலைச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் முனிராஜ் நாலாவது பயிற்சிக்குப் போய் வந்தார். வந்ததும் வராததுமாக யுவராணியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"யுவராணி, இத்தன நாள் நாம கல்ச்சர தப்பாப் புரிஞ்சிருக்கறோம்மா."

"அப்படீங்களா சார்."

"செவுத்துல எழுதறது கல்ச்சர் இல்ல. மார்க் போடறது கல்ச்சர் இல்ல. மொதலாளி இல்லாதப்போ ஜனங்க என்ன பண்றாங்களோ, அதான் கல்ச்சர். புரியுதா?"

"புரியுதுங்க சார்."

"அதனால நான் இல்லாம இருக்கப் போறேன்."

ஒரு நிமிஷம் அவளுக்குக் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. பிறகுதான் திட்டம் வெளியே வந்தது. மூன்று நாள் கோயம்புத்தூரில் இயந்திரக் கண்காட்சி என்று வீட்டிலும் ஆலையிலும் சொல்லிவிடுவார். ஆனால் போகமாட்டார். பேக்கிங் ஹாலுக்கு மேலே பழைய ஆபீஸ் ரூம் ஒன்று பூட்டிக் கிடந்தது. ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கும். உள்ளிருந்து பார்த்தால் ஹால் முழுக்கத் தெரியும், பக்கத்திலேயே கக்கூஸும் உண்டு. அங்கே உட்கார்ந்து பார்ப்பார். சாப்பாடு கொண்டுவந்து தருவது யுவராணி. வேறு ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது.

"தப்பில்லீங்களா சார்? அவங்களுக்குத் தெரியாம..."

"தெரிஞ்சா அது கல்ச்சர் இல்லம்மா" என்றார் முனிராஜ். பதில் கச்சிதமாக இருந்தது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை விடியக்காலை லுங்கி, தலகாணி, முறுக்கு டின் சகிதம் அவர் மேலே ஏறினார். எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். "சார் கோயம்புத்தூர் போயிட்டாரு" என்று யுவராணி சொன்னாள். பொய் சொல்லும்போது காது சூடாவது அவளுக்குச் சின்ன வயசுப் பழக்கம்.

பத்து மணி வரை எல்லாம் சரியாகப் போனது. பத்து மணிக்கு, பேக்கிங் ஹால் சுவரோரம் மேலிருந்து கீழே இறங்குகிற பைப்பில் களகளவென்று தண்ணி ஓடியது.

பன்னிரண்டு பெண்களும் கையை நிறுத்தினார்கள். செல்லி பைப்பைப் பார்த்தாள். மேலே ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் யுவராணியைப் பார்த்தாள். யுவராணியின் காது ரெண்டும் மிளகாய்ப்பழமாக இருந்தது.

"கோயம்புத்தூரு இவ்வளவு கிட்டத்துல இருக்குதுன்னு தெரியாமப் போச்சுங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செல்லி பாக்கெட்டை எடுத்து எடை பார்க்க ஆரம்பித்தாள்.

பத்து நிமிஷத்தில் மிஷின் ரூம், குடோன், வாட்ச்மேன் மாதேஸ் வரைக்கும் செய்தி போய்விட்டது. அதற்கப்புறம் செங்குன்று புட்ஸில் நடந்ததை ஒரு நாடகக் கம்பெனி பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும். வருஷக்கணக்காகத் தலைக்குல்லா போடாதவர்கள் குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டார்கள். கை கழுவுகிற இடத்தில் க்யூ நின்றது. 'ஏ கழுத', 'எரும' என்று கூப்பிட்டுக்கொண்ட ஆட்கள் 'வாங்க தர்மன்', 'சொல்லுங்க அக்கா' என்றார்கள். ஒருவன் துடைத்த தரையையே மூன்று தடவை துடைத்தான்.

யுவராணிக்கு அவளுடைய புராஜெக்ட்டில் வந்த ஒரு சேதி ஞாபகம் வந்தது. எந்தக் காலத்திலோ அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார்களாம், வேலை கூடியது. குறைத்துப் பார்த்தார்களாம், அப்போதும் கூடியது. நம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த ஜனங்கள் வரிந்துகட்டி வேலை செய்தார்களாம். படித்தபோது அது பரீட்சைக்கான பத்து மார்க். இப்போது கண் முன்னால் குல்லா போட்டுக்கொண்டு நிற்கிறது.

மேலே இருந்து வாட்ஸப் வந்தது. 'பார்த்தாயா! கல்ச்சர் வந்துவிட்டது!!' அடுத்ததாக ஒரு கைகூப்பு.

செல்லி அதோடு நிற்கவில்லை. பதினோரு மணிக்குப் பைப்புக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி, ஆனால் மலைக்கு மலை கேட்கிற குரலில் ஆரம்பித்தாள். "நம்ம மொதலாளி மாதிரி தங்கமான மனுசன் இந்த ஜில்லாவுலயே கெடையாது. என்ன ஒண்ணு, இந்த ஹால்ல ஒரே ஃபேனு. பொம்பளைங்க வெந்து சாகறாங்கன்னு யாரும் அவருகிட்ட சொல்லல போல. தெரிஞ்சா உட்டுருவாரா?"

ஐந்து நிமிஷத்தில் யுவராணிக்கு மெசேஜ். 'பேக்கிங் ஹாலுக்கு இன்னும் ரெண்டு ஃபேன். குறித்துக்கொள்.'

யுவராணி ஃபோனைச் செல்லியிடம் காட்டவில்லை. ஆனால் அவள் முகமே காட்டிக் கொடுத்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் பைப்புக்குப் பக்கத்தில் கோயில் கூட்டம். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி வந்து, பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கப் புலம்பிவிட்டுப் போனார்கள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. டீயில் இஞ்சி இல்லை. தர்மனுக்குக் காது அடைக்கிறது, மிஷின் சத்தத்துக்குக் காதில் வைக்க ஏதாவது வேண்டும். எல்லாம் மேலே போய், மெசேஜாகக் கீழே வந்தது. நாற்பது கேள்வி அச்சடித்துக் கேட்டபோது வராத ஒரு சொல் இப்போது பைப்பு வழியாக ஏறிக்கொண்டிருந்ததை யுவராணி பார்த்தாள். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஒன்பது வருஷமாக அவள் மேஜையும் அதே ஹாலுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

மத்தியானம் சோறு கொண்டுபோனபோது முனிராஜ் பனியனும் லுங்கியுமாகச் சந்தோஷத்தில் மினுங்கினார். "என்னைப் பத்தி எவ்வளவு நல்லாப் பேசறாங்க பாத்தியா? நான் இல்லாதப்போ!"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். பிறகு ஃபேனை நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ராஜாவின் லாரி வந்து நின்றது.

ராஜா ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியாது. மாமா கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்று அக்கா சொல்லி, இதைவிட நல்ல நாள் வராதென்று எண்பது மூட்டையோடு வந்திருந்தான். கூலிங்கிளாஸைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, சாம்பிளுக்கு ஒரு மூட்டையை ஆள் தூக்கிவர, நேரே பேக்கிங் ஹாலுக்குள் வந்தான்.

"செல்லி, ஆளுங்கள அனுப்பு. எறக்கணும். வத்தல்மலைச் சாமை, முதல் தரம்."

செல்லி அந்த மூட்டையைக் குத்தி, நாலு மணியை உள்ளங்கையில் எடுத்து, வாயில் போட்டுக் கடித்தாள். காய்ந்த சாமை கடக்கென்று உடையும். இது நசுங்கியது.

"எங்க மலையில நாங்க இப்பிடித் தண்ணி ஊத்தி வளக்கறதில்லீங்க" என்றாள். தர்மன் ஈரம் பார்க்கிற மிஷினைக் கொண்டுவந்தான். ராஜாவின் மூட்டைக்கு அந்த மிஷின் வந்தது அதுதான் முதல் தடவை. பதினேழு காட்டியது.

"இதெல்லாம் ஊரான் வூட்டு மூட்டைக்கு. எம் மூட்டைய மாமாவே மிஷின்ல வெக்க மாட்டாரு."

"அவரு இல்லீங்களே."

"இல்லாததுனாலதான் சொல்றேன், எறக்கு. அவரு வந்தா நான் பேசிக்கறேன். அவருக்கு என்ன தெரியும்? எங்கப்பா குடுத்த பணத்துல வாங்குன மெஷின வெச்சிக்கிட்டு மொதலாளின்னு திரியறாரு. வூட்டுல எங்கக்கா ஒரு மொறை மொறைச்சா ரெண்டு நாளைக்கு வாயத் தொறக்கமாட்டாரு மனுசன். பெங்களூரு போயி கல்ச்சரு படிச்சாராம், கல்ச்சரு!"

லாரிச் சத்தம் கேட்டு மிஷின் ரூம், குடோன் ஆட்களும் வந்து நின்ற ஹாலில் ஒரு பாக்கெட்டும் நகரவில்லை. அறுபது பேரும் ராஜாவைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் மேல் ஜன்னலில். ராஜாவுக்கு மட்டும், தன் பேச்சுக்கு ஏன் இப்படி ஒரு மரியாதை என்று புரியவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் பேசினான்.

யுவராணியின் ஃபோன் அதிர்ந்தது. திருப்பி அனுப்பு என்றுதான் வந்திருக்கும், இவ்வளவு கேட்ட பிறகு எந்த மனுஷன் பொறுப்பான் என்று நினைத்து எடுத்தாள்.

'மூட்டையை இறக்கச் சொல். வீட்டில் பிரச்சனை ஆகிவிடும். ஈரத்தை ரிஜிஸ்தரில் பதினொன்று என்று எழுதிவிடு.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மேலே ஒருவர் யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதலாளி இல்லாதபோது ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஏறியவர். ஜனங்கள் இல்லாதபோது முதலாளி என்ன செய்கிறார் என்பது அவள் உள்ளங்கையில் வெளிச்சமாக இருந்தது. நான்கு பயிற்சியில் யாரும் இந்தப் பக்கத்தைச் சொல்லித் தரவில்லை.

"என்ன மேடம்" என்றாள் செல்லி மெதுவாக. "மேல இருக்கறவரு என்ன சொல்றாரு?"

ராஜா, அவள் சாமியைச் சொல்கிறாள் என்று நினைத்து ஏளனமாகச் சிரித்தான்.

யுவராணி ஃபோனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த மெமோ கண்ணில் வந்தது. கவனக்குறைவு என்று தான் அடித்த அந்த எழுத்துகள், செல்லி அதைத் தலைகீழாகப் பிடித்த விதம். வாயைத் திறந்தபோது, ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரிதான் குரல் வந்தது.

"சார் கோயம்புத்தூர்ல இருக்காருங்க. நான் இல்லாதப்போ சட்டம் என்னவோ அதைப் பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. பன்னெண்டுக்கு மேல காட்டுனா திருப்பி அனுப்பணும். ரிஜிஸ்தர்ல பதினேழுன்னு எழுதிக்கங்க தர்மன்."

"யாரு நீ?" என்றான் ராஜா. "உன்னையும் சேத்து வூட்டுக்கு அனுப்பறேன், இரு." ஃபோனை எடுத்து மாமாவுக்கு அடித்தான்.

பேக்கிங் ஹாலுக்கு மேலே, பூட்டிக் கிடக்கிற ரூமுக்குள், நாதஸ்வரமும் தவிலும் ஒருசேர முழங்கின. முனிராஜின் ரிங்டோன். கல்யாண வீட்டில் தாலி கட்டுகிறபோது அடிக்கிற கெட்டிமேளம் அது. கடத்தூர் சந்தையில்கூட அவர் ஃபோன் அடித்தால் பத்துப் பேர் அட்சதையைத் தேடுவார்கள். அது நிற்காமல் முழங்கியது. மேலே யாரோ எதையோ தட்டிவிட்டு ஃபோனைத் தேடுகிற சத்தம். டின் ஒன்று உருண்டு, முறுக்கு சிதறுகிற சத்தம்.

ராஜா ஃபோனைக் காதிலிருந்து எடுத்தான். மேலே பார்த்தான். கூலிங்கிளாஸ் தலையிலிருந்து கீழே விழுந்தது. மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினான். கதவு திறந்தபோது கீழே நின்றவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பனியன், லுங்கி, மீசையில் முறுக்குத் துணுக்கு, காதில் ஃபோன்.

"ஆ... சொல்லு மச்சான்" என்றார் முனிராஜ், ஃபோனுக்குள்ளேயே. "இங்க கோயம்புத்தூர்ல நல்ல மழை."

முதலில் சிரித்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தர்மன் என்று செல்லி சொல்வாள், செல்லி என்று தர்மன் சொல்வான். ராஜா இறங்கி வந்து லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தான் பேசியதையெல்லாம் மாமா கேட்டிருக்கிறார் என்பது அவனுக்குப் பாதிப்படியில்தான் உறைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு கணம் நின்றான்.

அன்று சாயங்காலம் முனிராஜ் யுவராணியைக் கூப்பிட்டார். சட்டை போட்டிருந்தார்.

"நான் எறக்கச் சொன்னேனா இல்லியா?"

"நீங்க கோயம்புத்தூர்ல இருந்தீங்க சார்."

அவர் போகலாம் என்று கையைக் காட்டினார். வேலை போய்விட்டது என்றே யுவராணி நினைத்தாள். கடத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து, மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். வேலை போகவில்லை. பேச்சு மட்டும் நின்றது. வீட்டில் கனிமொழி அவரிடம் பேசவில்லை, ஆலையில் அவர் யுவராணியிடம் பேசவில்லை. இப்படிப் பத்து நாள். பதினோராவது நாள் பேக்கிங் ஹாலுக்கு இரண்டு ஃபேன் வந்தது.

ஒரு மாதம் கழித்து, பயிற்சிக்காரர்கள் ஓசூரில் ஒரு கூட்டம் போட்டார்கள். கல்ச்சரை மாற்றிக் காட்டிய முதலாளிகள் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும், தொழிலாளி ஒருவரையும் கூட்டி வரலாம். முனிராஜ் தன் காரில் யுவராணியையும் செல்லியையும் அழைத்துப் போனார். செல்லி கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

குளிரூட்டிய ஹால். முனிராஜ் மேடையில் மைக்கைப் பிடித்து அழகாகப் பேசினார். ஒளிந்திருந்தது, பைப்பு, ஃபேன் எல்லாம் சொன்னார். பைப்புத் தண்ணி காட்டிக் கொடுத்ததைப் பிற்பாடு யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள், அதையும் தானே திட்டமிட்டதாகச் சொன்னார். பிறகு லாரிக்கு வந்தார். "என் சொந்த மச்சினன். ரத்த சம்பந்தம். ஒரு நிமிஷம் யோசிச்சேன். உடனே எங்க ஹெச்சாருக்கு மெசேஜ் போட்டேன், 'திருப்பி அனுப்பு'ன்னு." ஹால் எழுந்து நின்று கை தட்டியது. அவர் கண் ஒரு தடவை யுவராணியிடம் வந்து, உடனே வேறு பக்கம் போனது.

யுவராணி கை தட்டவில்லை. ஆத்திரம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இது அப்படியே பாடமாகி, எங்கோ ஒரு கல்லூரியில் யாரோ ஒரு பெண் சீனியரிடம் வாங்கிப் புராஜெக்ட்டில் எழுதப் போகிறாள்.

"அப்பிடியாங்க மெசேஜ் போட்டாரு?" என்று செல்லி காதோரம் கேட்டாள்.

"இல்லக்கா."

"தெரியும். அன்னிக்கு அதப் படிச்சிட்டு நீங்க மூஞ்சிய வெச்சிருந்த மாதிரி, மெமோ குடுக்க வந்த அன்னிக்குத்தான் வெச்சிருந்தீங்க."

கடைசியில் பயிற்சிக்காரர் எழுந்து, ஆராய்ச்சி இப்போது இன்னும் முன்னேறிவிட்டது, கல்ச்சரை முதலாளி உருவாக்கவே முடியாது, அது தானாக வளர்வது, முதலாளி விலகி வழிவிட வேண்டும் என்று முடித்தார். முனிராஜ் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு டீக்கடையில் காரை நிறுத்தினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. செல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முனிராஜ் காரோரம் நின்று, தொண்டையைக் கனைத்து, ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக யுவராணியிடம் வேலை சம்பந்தமில்லாத பேச்சுப் பேசினார்.

"அந்த மெசேஜ இன்னும் வெச்சிருக்கியாம்மா?"

"இருக்குதுங்க சார்."

"அழிச்சிரும்மா. எதுக்கு அது."

"அழிச்சிடறேன் சார். ஒரு கையெழுத்து மட்டும் வேணும்."

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காரின் மேல் விரித்தாள். இரண்டு வாரமாக அது பையிலேயே கிடந்தது. கொடுக்கத் தைரியம் வராமல் மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. ஆலைக்கு வரும் தானியத்தை ஏற்பதா திருப்புவதா என்பதைச் செல்லி மட்டுமே முடிவு செய்வார். உறவினர், அலுவலர், முதலாளி யார் சொன்னாலும் அந்த முடிவு மாறாது. 2022 ஐப்பசியில் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்த மெமோ திரும்பப் பெறப்படுகிறது. அவ்வளவுதான்.

முனிராஜ் மெதுவாகப் படித்தார். "முதலாளி யார் சொன்னாலும்" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"விலகி வழி விடணும்னு இப்பத்தான எழுதிக்கிட்டீங்க சார்" என்றாள் யுவராணி.

அவர் அவளை முறைத்தார். முறைப்பு பாதியிலேயே தளர்ந்து, என்னவோ போல் ஒரு சிரிப்பு வந்தது. "எங்கூட்டுல கேட்டா என்னம்மா சொல்றது?"

"செல்லியக்காவக் கேக்கச் சொல்லுங்க."

கையெழுத்துப் போட்டார். யுவராணி அவர் முன்னாலேயே மெசேஜை அழித்தாள். தாளைக் கொண்டுபோய் பெஞ்சில் செல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினாள். செல்லி டீயை ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டாள். மெமோ வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சரிங்க. நான் மலைக்குத் திருவிழாவுக்குப் போயிட்டா? அன்னிக்கு லாரி வந்தா யாரு பாக்கறது?"

யுவராணி அதை யோசிக்கவே இல்லை. இரண்டு வாரம் திருத்தித் திருத்தி எழுதியதில் அந்த ஒரு வரி இல்லை.

"தர்மன் பேரையும் போடுங்க" என்றாள் செல்லி. "காது கொஞ்சம் மந்தம், பல்லு நல்ல பல்லு."

முனிராஜ் காரில் ஏறி இன்ஜினைப் போட்டிருந்தார். யுவராணி ஓடிப்போய் ஜன்னலைத் தட்டி, "சார், இன்னொரு கையெழுத்து" என்றாள். அவர் பேனாவை எந்தப் பாக்கெட்டில் வைத்தோம் என்று தேட ஆரம்பித்தார்.